வேகம் வேறு, கடுமை வேறு: ஓடத் தொடங்குவோர் அறிய வேண்டியவை

"நடக்கலாமா, ஓடலாமா? ஓடினால் எவ்வளவு வேகத்தில் ஓடலாம்?" இதய மருத்துவப் புறநோயாளர் பிரிவில் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் எழும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் இரு வகையினர். மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு, இனி விரைந்து நடந்தாலே இதயத்திற்குக் கேடு நேரும் என்று அஞ்சி வீட்டு வாசலைத் தாண்டாமல் இருப்பவர் ஒரு வகை. நாற்பது வயதைக் கடந்ததும் நண்பர்களின் அழைப்பை ஏற்று மாரத்தான் குழுவில் சேர்ந்து, முதல் நாளிலேயே மற்றவர்களின் வேகத்திற்கு ஈடுகொடுத்து மூச்சுத் திணற ஓடுபவர் மற்றொரு வகை. முதலாமவர் தமக்கு வேண்டிய அளவுக்கு மிகக் குறைவாக இயங்குகிறார். இரண்டாமவர் தம் உடல் தாங்கும் அளவுக்கு மேல் இயங்குகிறார்.

இவ்விருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே. சாலையில் நாம் செல்லும் வேகம் ஒன்று; அவ்வேகத்திற்காக நம் உடல் படும் கடுமை மற்றொன்று. பயிற்சியின் நன்மையும் தீங்கும் பின்னதைப் பொறுத்தே அமைகின்றன. அதனை அளந்தறியும் முறைகள் எளியவை. அவற்றுள் முதன்மையானதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

வேகமும் கடுமையும்

ஓட்டக்காரர்கள் தம் வேகத்தை, ஒரு கிலோமீட்டரைக் கடக்க எத்தனை நிமிடங்கள் ஆகின்றன என்ற கணக்கில் கூறுவர். கிலோமீட்டருக்கு 8 நிமிடங்கள் என்றால் மணிக்கு 7.5 கி.மீ.; 6 நிமிடங்கள் என்றால் மணிக்கு 10 கி.மீ. விறுவிறுப்பாக நடப்பவர் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 10 முதல் 12 நிமிடங்கள் எடுத்துக்கொள்வார். கென்யாவின் எலியுட் கிப்சோகே 2022ஆம் ஆண்டு பெர்லின் மாரத்தானில் 42.195 கி.மீ. தொலைவை 2 மணி 1 நிமிடம் 9 வினாடிகளில் கடந்தார். அதாவது, ஒவ்வொரு கிலோமீட்டரையும் சராசரியாக 2 நிமிடம் 52 வினாடிகளில் ஓடினார். உடல்நலம் மிக்க இளைஞர்களில் பலரால் அந்த வேகத்தில் ஒரே ஒரு கிலோமீட்டர்கூட ஓட இயலாது. அவரோ இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக அதில் நிலைத்து நின்றார்.

ஆகவே, கிலோமீட்டருக்கு 8 நிமிடங்கள் என்ற எண்ணை மட்டும் வைத்து, அது மெதுவா கடுமையா என்று கூற இயலாது. பயிற்சி பெற்ற இருபத்தைந்து வயது இளைஞருக்கு அது உடலைச் சூடேற்றும் ஓட்டம். உயர் இரத்த அழுத்தமும் மிகை எடையும் உடைய ஐம்பத்தைந்து வயதினருக்கு அது அவருடைய எல்லையையே தொடும் ஓட்டமாக இருக்கலாம். ஒரே மனிதருக்குங்கூட நாளுக்கு நாள் இது மாறும். தூக்கமற்ற இரவு, காய்ச்சலுக்குப் பிந்தைய வாரம், காற்றே அசையாத புழுக்கமான விடியல் ஆகியவை நேற்று எளிதாயிருந்த வேகத்தை இன்று கடுமையாக்கிவிடும். பிறருடைய மருந்துச் சீட்டைப் பார்த்து நாம் மாத்திரை விழுங்குவதில்லை. பிறருடைய ஓட்ட வேகமும் அத்தகையதே.

உடலுக்குள் நிகழ்வது

ஓய்வாக இருக்கும்போது நம் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியைச் செலுத்துகிறது. கடும் உழைப்பின்போது நலமான இதயம் இதைப் போல மூன்று, நான்கு மடங்கைச் செலுத்தவல்லது. துடிப்பின் எண்ணிக்கையை உயர்த்தியும், ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் குருதியின் அளவைக் கூட்டியும் இதயம் இதனைச் செய்கிறது.

மெதுவாக ஓடும்போது தசைகள் ஆக்சிஜனின் துணையுடன் கொழுப்பையும் சர்க்கரையையும் எரிக்கின்றன. அப்போது கொழுப்பின் பங்கு கணிசமானது. வேகம் கூடக் கூடச் சர்க்கரையின் பங்கு உயர்கிறது. அதனுடன் லாக்டேட் என்னும் பொருள் உருவாவதும் மிகுகிறது. லாக்டேட்டை நஞ்சு என்று எண்ணும் வழக்கம் இன்றும் உள்ளது. உண்மையில் இதயமும் தசைகளும் அதனையே எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. ஆயினும் அது உருவாகும் விரைவு, பயன்படும் விரைவை விஞ்சும்போது குருதியில் தேங்கத் தொடங்குகிறது. ஓய்வில் லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோலாக இருக்கும் அதன் அளவு, 2ஐ ஒட்டி உயரும் இடத்தை முதல் வாசல் என்றும், 4ஐ ஒட்டி விரைந்து ஏறும் இடத்தை இரண்டாம் வாசல் என்றும் கொள்ளலாம். இவ்வெண்கள் ஆளுக்கு ஆள் சற்றே மாறுபடும். முதல் வாசலைக் கடக்கையில் மூச்சு ஆழமாகிறது. இரண்டாம் வாசலைக் கடந்தபின் மூச்சு வாங்குவதைக் கட்டுப்படுத்த இயலாது; அந்நிலையில் நெடுநேரம் தொடரவும் இயலாது.

இந்த இரு வாசல்களே பயிற்சியின் படிநிலைகளைப் பிரிக்கின்றன.

நான்கு படிகள்

முதற்படி, மிக எளிய இயக்கம். சாதாரண நடை, ஓட்டத்திற்கு முன் உடலைச் சூடேற்றும் நடை, ஓட்டத்திற்குப் பின் தணிக்கும் நடை ஆகியன இதில் அடங்கும். இந்நிலையில் பேசலாம், விரும்பினால் பாடவும் செய்யலாம்.

இரண்டாம் படி, எளிய ஓட்டம் அல்லது விறுவிறுப்பான நடை. மூச்சு சற்று வேகமாகும், உடல் வியர்க்கும். முழு வாக்கியங்களாகப் பேச முடியும், பாட முடியாது. முதல் வாசலுக்கு உட்பட்ட, அல்லது அதனை ஒட்டிய நிலை இது. தசைகளில் நுண்குருதிக் குழாய்கள் பெருகுவதும், செல்களின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுவதும், ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் குருதி கூடுவதும் இப்படியில் செலவிடும் நீண்ட நேரத்தால் கிடைக்கும் பயன்கள்.

மூன்றாம் படி, இரு வாசல்களுக்கும் இடைப்பட்டு, இரண்டாவதை நெருங்கும் ஓட்டம். நான்கைந்து சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருக்கும். நன்கு பயின்றவர் இதன் மேல் எல்லையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடுவார். புதியவருக்குப் பத்து நிமிடங்களே பெரிது.

நான்காம் படி, இடைவெளிப் பயிற்சி. ஒன்று முதல் நான்கு நிமிடங்கள் வரை கடுமையாக ஓடி, அடுத்த சில நிமிடங்கள் நடந்தோ மெல்ல ஓடியோ தணிந்து, மீண்டும் ஓடுவது. ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேச வராது. இதயத்துடிப்பு அதன் உச்சத்தில் 85 முதல் 95 விழுக்காட்டைத் தொடும். இதற்கும் மேலான முழுவேகப் பாய்ச்சல் போட்டி வீரர்களுக்கு உரியது. உடல்நலம் வேண்டி ஓடுவோருக்கு அது தேவையில்லை.

அளக்கும் மூன்று வழிகள்

முதல் வழி பேச்சு. ஓடிக்கொண்டே உடன் வருபவரிடம் நாலைந்து வாக்கியங்கள் பேசிப் பாருங்கள். தனியே ஓடினால் மனப்பாடமான திருக்குறள் ஒன்றை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தடையின்றிச் சொல்ல முடிந்தால் நீங்கள் இரண்டாம் படியில் இருக்கிறீர்கள். இடையில் மூச்சுக்காக நிறுத்த நேர்ந்தால் மூன்றாம் படிக்குச் சென்றுவிட்டீர்கள். ஆய்வுக்கூடத்தில் மூச்சுக்காற்றை அளந்து கண்டறியும் முதல் வாசலுக்கும், பேச்சு தடைப்படத் தொடங்கும் இடத்திற்கும் நெருங்கிய பொருத்தம் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மாத்திரை உட்கொள்வோருக்கும் இது பொருந்துவது இதன் தனிச்சிறப்பு.

இரண்டாம் வழி உணர்வு எண். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் 6இல் தொடங்கி 20இல் முடியும். எந்த முயற்சியும் இல்லாத நிலை 6. இனி ஓர் அடியும் இயலாது என்னும் நிலை 20. நலமான இளைஞர் ஒருவர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அவருடைய இதயத்துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும் வகையில் இவ்வெண்களை அவர் அமைத்தார். இதய மறுவாழ்வுப் பயிற்சியில் பொதுவாக 11 முதல் 13 வரையிலான நிலையே பரிந்துரைக்கப்படுகிறது. "எளிது" என்பதற்கும் "சற்றே கடினம்" என்பதற்கும் இடைப்பட்டது அது.

மூன்றாம் வழி நாடித்துடிப்பு. பலரும் அறிந்த கணக்கு, 220இலிருந்து வயதைக் கழிப்பது. ஐம்பது வயதினருக்கு உச்சத் துடிப்பு 170 என்று இது கூறும். 2001இல் வெளியான மற்றொரு கணக்கின்படி, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்க வேண்டும். ஐம்பது வயதினருக்கு 173 வரும். இரண்டுமே சராசரிகள். ஒரே வயதுடைய இருவரின் உண்மையான உச்சங்களுக்கு இடையே இருபது துடிப்புகளுக்கு மேல் வேறுபாடு இருப்பது இயல்பு.

ஓய்வு நிலைத் துடிப்பையும் கணக்கில் சேர்க்கும் முறை பின்லாந்தின் மார்ட்டி கார்வோனன் பெயரால் வழங்குகிறது. உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, அந்த மிச்சத்தில் 40 முதல் 59 விழுக்காட்டை ஓய்வுத் துடிப்புடன் கூட்டினால் மிதமான கடுமைக்குரிய எல்லை கிடைக்கும். உச்சம் 170, ஓய்வில் 70 என்றால் மிச்சம் 100; எல்லை 110 முதல் 129 வரை. ஓட்டத்தை நிறுத்திய உடனே மணிக்கட்டில் 15 வினாடிகள் எண்ணி நான்கால் பெருக்கிக்கொள்ளலாம். கைக்கடிகாரக் கருவிகள் ஓடும்போது சில வேளைகளில் காலடி எண்ணிக்கையையே இதயத்துடிப்பாகக் காட்டிவிடும். ஆகவே, அது காட்டும் எண்ணும் உங்கள் மூச்சும் முரண்பட்டால் மூச்சையே நம்புங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மெட்டோபிரலால், பிசோபிரலால், அட்டெனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் இதயத்துடிப்பை ஏறவிடாமல் தடுக்கும். இவற்றை உட்கொள்ளும் ஐம்பது வயதினரின் துடிப்பு, முழு முயற்சியிலும் 130ஐத் தாண்டாமல் இருக்கலாம். கணக்கு சொல்லும் எண்ணை எட்டுவதற்காக அவர் மேலும் மேலும் வேகத்தைக் கூட்டுவது ஆபத்து. ஓடுவதற்காக மாத்திரையை நிறுத்துவது அதனினும் பெரிய ஆபத்து. இதயம் ஒழுங்கற்றுத் துடிக்கும் நோய் உடையவர்களுக்கும் நாடிக் கணக்கு உதவாது. இவர்கள் அனைவரும் பேச்சையும் உணர்வு எண்ணையுமே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

பெரும்பகுதி மெதுவாக

புதிதாக ஓடுவோரிடம் பரவலாகக் காணப்படும் குறை, எல்லா நாளும் மூன்றாம் படியிலேயே ஓடுவது. மெதுவாக ஓடினால் பயனில்லை என்ற எண்ணமும், குழுவில் பின்தங்கக் கூடாது என்ற கூச்சமும், செயலியில் நேற்றைய நேரத்தைவிட இன்று குறைத்துக் காட்டும் ஆவலும் இதற்குக் காரணங்கள். நீண்ட நேரம் தொடர முடியாத அளவுக்கு அது கடுமையானது. இதயத்தின் உச்சத்திறனை உயர்த்தும் அளவுக்கு அது கடுமையானதும் அன்று. விளைவாகச் சோர்வு தேங்குகிறது. முழங்காலும் குதிகாலும் வலிக்கின்றன. இரண்டு மாதங்களில் ஓட்டமே நின்றுவிடுகிறது.

பயிற்சி முறைகளின் வரலாறு இதில் நமக்குப் பாடம். ஜெர்மனியில் 1930களில் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லரும், இதய மருத்துவர் ஹெர்பெர்ட் ரைண்டெலும் இணைந்து, துடிப்பை அளந்து நடத்தும் இடைவெளிப் பயிற்சியை உருவாக்கினர். கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 வினாடிகளில் ஓடி உலகச் சாதனை படைத்தார். கடுமையான ஓட்டத்தின் ஆற்றலை உலகம் அப்போது கண்டது.

பின்னர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் வேறொரு வழியைக் காட்டினார். வெறும் 800 மீட்டர் ஓடும் வீரரையும் அவர் பல வாரங்கள் தொடர்ந்து, வாரத்திற்கு ஏறத்தாழ 160 கி.மீ. சீரான வேகத்தில் ஓடவைத்தார்; விரைவுப் பயிற்சி அதற்குப் பின்னரே வந்தது. அவருடைய மாணவர் பீட்டர் ஸ்நெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும், 1964 டோக்கியோவில் 800, 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். நார்வேயில் பணிபுரியும் உடலியலாளர் ஸ்டீபன் சைலர், பிற்காலத்தில் பல விளையாட்டுகளின் முன்னணி வீரர்களுடைய பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து, அவர்களுடைய பயிற்சி அமர்வுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு முதல் வாசலுக்கு உட்பட்ட எளிய நிலையிலேயே அமைந்திருப்பதைக் காட்டினார்.

ஒலிம்பிக் வீரர்களே ஐந்தில் நான்கு பங்கை எளிதாக ஓடுகின்றனர் என்றால், அலுவலகம் செல்வதற்கு முன் அரைமணி நேரம் ஓடும் நமக்கு மெதுவாக ஓட வெட்கப்பட என்ன இருக்கிறது? இதயமும் தசைகளும் சில வாரங்களிலேயே பயிற்சிக்கு இணங்கத் தொடங்கும். தசைநாண்களும் எலும்புகளும் இணங்கப் பல மாதங்கள் ஆகும். மூச்சு இடம் கொடுக்கிறது என்பதற்காக வேகத்தையும் தொலைவையும் ஒருசேர உயர்த்தும்போது முதலில் முறையிடுபவை கால்களே.

இதய நோயாளர்களுக்கு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாரடைப்பு வந்தவர்களை ஆறு வாரங்கள் படுக்கையிலேயே கிடத்திவைப்பது வழக்கம். உணவைக்கூடப் பிறரே ஊட்டினர். 1952இல் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் நோயாளர்களை விரைவிலேயே நாற்காலியில் அமரவைத்தபோது அது பெரும் துணிச்சலாகக் கருதப்பட்டது. 1960களில் லிடியார்டின் தூண்டுதலால் ஆக்லாந்தில் நடுத்தர வயதினர் குழுவாக மெல்லோட்டம் ஓடத் தொடங்கினர். மாரடைப்பிலிருந்து மீண்டவர்களும் அவர்களுள் இருந்தனர். 1973இல் கனடாவின் டொராண்டோவில் மருத்துவர் டெரன்ஸ் கவனாவின் மேற்பார்வையில் பயின்ற இதய நோயாளர்கள் சிலர் பாஸ்டன் மாரத்தானிலேயே பங்கேற்றனர். பல மாதங்கள் படிப்படியாகப் பயின்ற பின்னரே அவர்கள் அங்குச் சென்றனர்.

நார்வேயின் ட்ராண்ட்ஹைம் நகர ஆய்வாளர்கள், நான்கு நிமிடக் கடும் இயக்கத்தை நான்கு முறை செய்யும் இடைவெளிப் பயிற்சியை இதயச் செயலிழப்பு நோயாளர்களிடமும் சோதித்து, 2007இல் சிறந்த பலன்களை அறிவித்தனர். ஆயினும் பல மையங்கள் சேர்ந்து நடத்தி 2017இல் வெளியான பெரிய ஆய்வில், அம்முறை மிதமான தொடர் பயிற்சியைவிட மேலானதாகத் தெரியவில்லை. இதிலிருந்து நம் நோயாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஆறுதலானது. கடுமையாக ஓடித்தான் இதயத்தை மீட்க வேண்டும் என்பதில்லை. மிதமான பயிற்சியைத் தவறாமல் செய்தாலே போதும்.

ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள், மாரடைப்பு கண்டவர்கள், பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்கள் நடையைப் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே தொடங்கிவிடுவார்கள். ஆனால், ஓட்டத்தைத் தொடங்கும்முன் எக்கோ பரிசோதனையும், தம் வழக்கமான மாத்திரைகளை உட்கொண்ட நிலையில் ட்ரெட்மில் பரிசோதனையும் செய்துகொள்வது அவசியம். எந்தத் துடிப்பில் இதயத்தசைக்குக் குருதி போதாமற் போகிறது என்பது அப்போது தெரியவந்தால், அதற்குப் பத்துத் துடிப்புகளாவது குறைவாகவே உங்கள் எல்லையை மருத்துவர் வரையறுப்பார். பைபாஸ் செய்துகொண்டவர்களின் மார்பெலும்பு உறுதியாகக் கூடுவதற்கு ஏறத்தாழ 12 வாரங்கள் ஆகும். அதுவரை நடையே போதும்.

சர்க்கரை, இரத்த அழுத்தம், வெயில்

இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொள்வோர் ஓடும்முன் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 90க்குக் குறைவாக இருந்தால் ஒரு வாழைப்பழமோ சில பிஸ்கட்டுகளோ உண்டபின் தொடங்கலாம். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலமோ மிட்டாயோ இருக்கட்டும். எளிய ஓட்டம் சர்க்கரையை இறக்கும். நான்காம் படியின் கடும் ஓட்டம் சிறிது நேரத்திற்கு அதனை ஏற்றவும் கூடும். ஓட்டத்திற்குப் பின் அளவு உயர்ந்திருப்பதைக் கண்டு, தாமாகவே கூடுதல் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டா. விழித்திரையில் புதிய குருதிக் குழாய்கள் தோன்றும் அளவுக்குப் பாதிப்பு உள்ளவர்கள் கண் மருத்துவரின் ஒப்புதலின்றி மூன்றாம், நான்காம் படிகளுக்குச் செல்லக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஒவ்வொரு நாளும் காலணியைக் கழற்றியதும் பாதங்களைப் பார்க்க வேண்டும்.

இரத்த அழுத்தம் 180/110க்கு மேல் இருக்கும் நாளில் பயிற்சியைத் தள்ளிவைத்து மருத்துவரை அணுகுங்கள்.

சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் வெப்பத்தினும் ஈரப்பதமே பெரிய இடர். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும்; காற்றில் ஈரம் மிகும்போது அது ஆவியாவதில்லை. குருதியில் ஒரு பங்கு தோலை நோக்கித் திருப்பப்படுகிறது. வியர்வையால் குருதியின் கன அளவும் குறைகிறது. அதனால் அதே வேகத்தில் துடிப்பு படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். ஏப்ரல், மே மாதங்களில் மெரினாவில் ஓடுபவர், சனவரியில் ஓடிய அதே நேரத்தை எட்ட முயலக் கூடாது. வேகத்தைக் குறைத்துக் கடுமையை நிலையாக வைத்துக்கொள்வதே முறை. நீர் அருந்தும் அளவைப் பொறுத்தவரை, இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உடையவர்களும் சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுப்பவர்களும் தமக்கு வரையறுக்கப்பட்ட அளவை மருத்துவரிடம் கேட்டே மாற்ற வேண்டும். ஓடும்முன் வலி மாத்திரை விழுங்கும் பழக்கம் இதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் கேடு தரும்.

தொடங்கும் முறை

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயதுவந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான இயக்கமோ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான இயக்கமோ தேவை. இரண்டையும் கலந்தும் செய்யலாம். மருத்துவரின் ஒப்புதல் பெற்ற, புதிதாகத் தொடங்கும் ஒருவருக்குப் பின்வரும் 12 வார முறை பொருந்தும். வாரத்தில் நான்கு நாள்கள் போதும்.

1, 2ஆம் வாரங்கள்: 30 நிமிடங்கள் விறுவிறுப்பான நடை. நிமிடத்திற்கு நூறு அடிகளுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

3 முதல் 5ஆம் வாரம் வரை: 5 நிமிட நடைக்குப் பின், 1 நிமிட மெல்லோட்டமும் 2 நிமிட நடையும் மாறி மாறி எட்டு முறை. இறுதியில் 5 நிமிட நடை.

6 முதல் 8ஆம் வாரம் வரை: 3 நிமிட மெல்லோட்டமும் 2 நிமிட நடையும் ஐந்து முறை, முன்னும் பின்னும் அதே 5 நிமிட நடை.

9 முதல் 12ஆம் வாரம் வரை: ஓடும் பகுதியைச் சிறிது சிறிதாக நீட்டி, 20 முதல் 30 நிமிடங்கள் இடைவிடாது ஓடும் நிலையை எட்டுதல்.

இந்த 12 வாரங்களும் முழுக்க முழுக்க இரண்டாம் படியிலேயே அமைய வேண்டும். பேச்சு தடைப்பட்டால் உடனே நடைக்கு மாறுங்கள். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே மறுவாரமும் செய்யுங்கள். இதய நோய் இல்லாதவர்கள் இதன்பின் வாரத்தில் ஒரு நாள் மட்டும் மூன்றாம் படியில் 10 நிமிடங்களோ, நான்காம் படியில் ஒரு நிமிட ஓட்டங்கள் சிலவோ சேர்க்கலாம். இதய நோய் உள்ளவர்கள் அதனை மருத்துவருடன் பேசியே முடிவு செய்ய வேண்டும்.

நிறுத்த வேண்டிய தருணம்

அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் பேரைக் குறித்த ஆய்வில், 59 பேருக்கு ஓட்டத்தின்போதோ ஓடி முடித்த உடனேயோ இதயம் நின்றுபோனது தெரியவந்தது. அவர்களுள் 42 பேர் உயிரிழந்தனர். ஓட்டத்தின் இறுதிப் பகுதியிலேயே இவற்றுள் பெரும்பாலானவை நிகழ்ந்தன. எண்ணிக்கையில் இது மிகச் சிறிது. ஓடுவதற்கே அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், இதயத்தசை பிறவியிலேயே தடித்திருப்பது, குருதிக்குழாய் அடைப்பு போன்ற அறியப்படாத நோய்கள் இவற்றுக்குக் காரணமாயிருந்தன. குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென இறந்திருந்தால், ஓடத் தொடங்கும்முன் அதை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

மார்பில் இறுக்கமோ பாரமோ, தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ, மயக்கமோ, கண் இருட்டுவதோ, திடீர்ப் படபடப்போ, வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் அந்த இடத்திலேயே நின்று உட்காருங்கள். இன்னும் நூறு மீட்டர்தானே என்று எண்ண வேண்டா. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தால் அதனை உடன் வைத்திருங்கள். ஓய்விலும் தணியாவிட்டால் 108ஐ அழையுங்கள். காய்ச்சல் உள்ள நாளில் ஓடவே கூடாது. வைரஸ் தொற்று இதயத்தசையை அழற்சிக்கு உள்ளாக்கியிருந்தால், ஓட்டம் அதனைப் பெருந்தீங்காக்கும்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். உடன் ஓடுபவர் சரிந்து விழுந்து, அழைத்தும் அசையாமல், இயல்பாக மூச்சு விடாமல் இருந்தால், ஒருவர் 108ஐ அழைக்க, மற்றொருவர் அவருடைய மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தமாக அமுக்க வேண்டும். மேற்கூறிய ஆய்வில் உயிர் பிழைத்தவர்களுக்குப் பெரிதும் துணைநின்றது, அருகிலிருந்தோர் உடனே செய்த இந்த உதவியே. வீட்டுக்கு ஒருவரேனும் இதனைக் கற்றிருப்பது நல்லது.

அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது ஒரு தாளில் நான்கு செய்திகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள்: விடியலில் எழுந்தவுடன் உங்கள் நாடித்துடிப்பு, பேச்சு தடைப்படாமல் நடக்கவோ ஓடவோ முடியும் வேகம், அதாவது ஒரு கிலோமீட்டருக்கான நிமிடங்கள், அவ்வேகத்தில் உங்கள் உணர்வு எண், உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்கள். மூன்று மாதங்கள் கழித்து அதே மூச்சில், அதே உணர்வு எண்ணில், ஒரு கிலோமீட்டரை அரை நிமிடம் குறைவாகக் கடந்தீர்கள் என்றால் உங்கள் இதயமும் தசைகளும் முன்னைவிட வலிமை பெற்றிருக்கின்றன என்று பொருள். அந்தத் தாளைப் பார்த்து உங்களுக்குரிய அடுத்த படியை இருவருமாகச் சேர்ந்து முடிவு செய்யலாம்.